மூன்றாவது தகடும் இரண்டு துப்பாக்கிகளும்

1

இந்தக் கதை ஒரு மரப்பெட்டியில் வைத்து ஆணியடிக்கப்பட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. கனவில் வந்தது, கருவில் உதித்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் என்னோடு சேர்ந்து பெட்டியை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு வந்து சிரிப்பார்கள்.

என் பெயர் சாகுல் ஹமீது. நெய்வேலியில், சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் கிளார்க். வெளிநாட்டிலிருந்து வரும் உதிரி பாகங்களைப் பெட்டி பிரித்து வாங்கி வைப்பது என் வேலை. அந்தப் பாகங்கள் உரசிக்கொள்ளாமல் இருக்க இடையில் பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் திணித்திருப்பார்கள். அந்தத் தாள்களை நான் நீவி வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் மனைவி மஹ்மூதா அவற்றைச் சமையலறை அலமாரியில் விரிப்பாள். படம் போட்ட தாள் என்றால் முதலில் நான் படிப்பேன், பிறகுதான் மிளகாய்த்தூள் டப்பா.

எண்பத்து நான்காம் வருஷம் அப்படி வந்த நாலு தாள்களில் ஒரு கட்டுரை இருந்தது. அமெரிக்காவில் வளர்ந்த ஆண்கள் சிலர் விடுமுறை நாளில் கௌபாய் மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு, பழங்காலத் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுட்டுப் போட்டி நடத்துகிறார்களாம். சுட்டால் தகடு 'ணங்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் போட்டி. அந்தப் போட்டிக்கு எந்த லீவர் துப்பாக்கி நல்லது, 1873-இல் வந்ததா, 1892-இல் வந்ததா என்பது கட்டுரையின் கேள்வி.

இதைப் படித்ததும் எனக்கு ஏன் உடம்பு சிலிர்த்தது என்றால், நான் மாத நாவல் எழுதுகிறவன். அதுவும் கௌபாய் நாவல். சென்னையில் ஒரு பதிப்பாளர் வெளியிடுகிறார். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். தமிழ்நாடே படிக்கிறது என்று அவர் எழுதுகிறார். எதிர்க் குவார்ட்டர்ஸ்காரருக்குக்கூட நான் எழுதுவது தெரியாது. இத்தனை நாவல்களில் என் கதாநாயகர்கள் எல்லோர் கையிலும் இருந்தது வெறும் 'துப்பாக்கி'. அது 'டுமீல்' என்று வெடித்தது. எந்தத் துப்பாக்கி என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

கட்டுரை சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இரண்டிலும் விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். 73-இன் உள்ளே மனிதனின் முழங்கால் மாதிரி மடங்கி நிமிர்கிற மூட்டு. லீவர் வழுக்கிக்கொண்டு போகும், தள்ள வேண்டிய தூரமும் குறைவு. ஆனால் கனம். 92-இல் மூட்டு கிடையாது. இரண்டு எஃகுக் கட்டைகள் எழுந்து வந்து பூட்டிக்கொள்ளும். லேசானது, பலமானது, ஆனால் அத்தனை வழுக்கல் இல்லை. ஆகவே எதை எடுத்துக்கொண்டு போட்டிக்குப் போவேன் என்று என்னைக் கேட்டால், நான்—

தாள் அங்கே முடிந்துவிட்டது. அடுத்த தாள் வேறு ஏதோ பெட்டியில், வேறு ஏதோ பேரிங்கைச் சுற்றிக்கொண்டு, வேறு ஏதோ ஊருக்குப் போயிருக்கும்.

2

முதல் தொடக்கம்:

"அரிசோனாவின் செம்மண் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல—"

[நிறுத்திவிட்டேன். அரிசோனாவுக்கு நான் போனதில்லை. சூரியன் அங்கே மெல்லப் போகிறதா வேகமாகப் போகிறதா, யாருக்குத் தெரியும்?]

இரண்டாவது தொடக்கம்:

"நெய்வேலியின் செம்மண் குன்றுகளுக்குப் பின்னால்—"

இது பரவாயில்லை. இங்கே நிஜமாகவே குன்றுகள் இருக்கின்றன. கடவுள் வைத்தவை இல்லை. நிலக்கரியை எடுப்பதற்காக மேலே இருந்த மண்ணை வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி எழுந்த மேடுகள். மழை அவற்றை அரித்து ஓடையும் இடுக்குமாக ஆக்கிவிட்டது. சிவப்பும் வெள்ளையுமாக மண் நிற்கும். புல் முளைக்காத இடங்கள் உண்டு. மண்ணோடு கலந்துபோன கரித்தூள் உள்ளே கனன்று, பட்டப்பகலில் சில வெடிப்புகளிலிருந்து புகை எழும். கிளப் மைதானத்தில் திரை கட்டிக் காட்டுகிற இங்கிலீஷ் படங்களில் குதிரைகள் ஓடுமே, அந்த நிலம் அப்படியே இங்கே இருக்கிறது. குதிரைதான் இல்லை.

(ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெட்டும்போது மேலே இருக்கிற மண் முதலில் போய் விழும். அடியில் இருந்த மண் கடைசியில் போய் அதன்மேல் விழும். ஆகவே அந்த மேட்டில் பூமி தலைகீழாகக் கிடக்கிறது. வீடு, களம், கோயில், சுடுகாடு எல்லாம் இருந்த மேல்மண் இப்போது எங்கோ அடியில் இருக்கிறது. நாம் மிதிப்பது யாருமே எப்போதும் மிதித்திராத மண். இதை யோசித்துவிட்டு நான் அந்த மேட்டில் தனியாக ஏறியதில்லை.)

ஆக, இடம் கிடைத்தது. டவுன்ஷிப்பில் ரைஃபிள் கிளப் எதுவும் கிடையாது, கதைக்காக நானே ஒன்றை வைத்துக்கொண்டேன். பழைய ஜமீன் வாரிசு ஒருவர் லைசென்ஸோடு வைத்திருந்த இரண்டு துப்பாக்கிகளையும் அந்தக் கிளப்புக்குக் காட்டுகிறார். ஒன்று 73, ஒன்று 92. "இரண்டும் ஒரே தோட்டாதான். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். ஆண்டு விழாவுக்குக் கௌபாய் போட்டி நடக்கப்போகிறது. மேட்டின் சரிவில் ஐந்து இரும்புத் தகடுகள் நட்டாகிவிட்டது. மூன்றாவது மட்டும் பெரியது, பழைய பெல்ட் ஃபிரேமிலிருந்து வெட்டிய பலகை. மற்றதெல்லாம் தட்டு அளவு.

3

யார் சுடுவது? இங்கேதான் சண்முகசுந்தரம் வருகிறான்.

இவன்மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். ஃபோர்மேன், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், குறி தப்பாது என்று எழுதினேன். எழுதி முடித்தும் ஆள் உயிரோடு எழுந்திருக்கவில்லை. நல்லவன் என்று வைத்தால் சவசவவென்று இருந்தான், கெட்டவன் என்றால் சினிமா வில்லன் ஆனான். கடைசியில் ஒரு குணத்தைக் கொடுத்தேன்: அவன் கை முந்தும். பேசி முடிப்பதற்குள் எழுந்துவிடுவான். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவான். இதைக் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

இரண்டு துப்பாக்கிகளையும் மேஜைமேல் வைத்துக் கிளப் செக்ரட்டரி கேட்கிறார்:

"என்ன சண்முகசுந்தரம், எது?"

சண்முகசுந்தரம் 73-ஐ எடுத்துத் தோட்டா போடாமல் லீவரைத் தள்ளி இழுத்துப் பார்க்கிறான்.

"இது வெண்ணெயில கத்தி போன மாதிரி போவுது சார். ஆனா கனம் கையை இழுக்கே." 92-ஐ எடுத்து இழுத்துப் பார்க்கிறான். "இது என் கைக்குச் சரியா வருது. ஆனா லேசா முரண்டு புடிக்கி. நாளைக்குச் சொல்லுதேன் சார்."

"நாளைக்கா? போட்டிக்கு எல்லோரும் தொப்பி வாங்கியாச்சு. எனக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வரவழைச்சிருக்கேன்."

"தொப்பி சுடாது சார்."

இந்த வரியை எழுதியதும் எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அதுதான் தப்பு. பிடித்துப்போன ஆளிடம் எழுதுகிறவன் கெடுபிடி காட்ட முடியாது.

4

தகடுகளைச் சுட்டால் பெயிண்ட் உதிரும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் யாராவது சரிவில் ஏறிப் போய்ச் சுண்ணாம்பு பூச வேண்டும். அந்த வேலைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கண்ணெதிரே இருந்த ஆளைப் பிடித்துப் போட்டேன்: ஸ்டோர்ஸ் யார்டில் கான்ட்ராக்டில் கூட்டுகிற பட்டம்மாள். வடக்குத்து என்கிற பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள்.

இனி வருவது கதை இல்லை. நடந்தது.

பெயரைப் போட்டுவிட்டோமே, நாலு விஷயம் விசாரித்து வைப்போம் என்று மறுநாள் யார்டில் அவளிடம் போனேன். முந்தைய மழைக்காலத்தில் அவள் காலில் இரும்பு ஷீட் ஒன்று விழுந்தது எனக்கு நினைவிருந்தது. நான்தான் மருந்து வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பியவன்.

"கால் எப்படி இருக்கு பட்டம்மா?"

"எந்தக் காலுங்க பாய்?"

"போன மழையில ஷீட்டு விழுந்துச்சே."

அவள் துடைப்பத்தை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அது நான் இல்லீங்களே. அது முன்ன இருந்த பட்டம்மா."

"அப்போ நீ யாரு?"

"இப்ப பட்டம்மாங்க."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அதில் நின்றபடியே கேட்டு விளங்கிக்கொண்டது இதுதான்: கான்ட்ராக்டரிடம் ஒரு பெயர் பதிந்திருக்கும். அந்தப் பெயருக்கு ஒருத்தி வேலைக்கு வருவாள். அவளுக்கு உடம்பு முடியாவிட்டால் நாத்தனார் வருவாள், நாத்தனாருக்குப் பிரசவம் என்றால் பக்கத்து வீட்டுக்காரி. பெயர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராமல் போனால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். ஆகவே ஆள் வராமல் போகலாம், பெயர் வராமல் போகக் கூடாது. மேஸ்திரி கொளஞ்சிநாதன் காலையில் குனிந்தபடியே கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று சத்தம் வந்தால் போதும், நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"முதல்ல இருந்த பட்டம்மா எங்கே இப்போ?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் வந்தப்பவே, எனக்கு முன்ன இருந்தவங்களும் மொத ஆளு இல்லன்னு சொல்லிகினாங்க."

"உன் சொந்தப் பேர் என்ன?"

சிரித்துவிட்டாள். "அது வூட்ல போயி வெச்சிக்கிறதுங்க. இங்க எதுக்கு?"

பிறகு நான் கேட்காமலே மண்மேட்டின் பக்கம் துடைப்பத்தை நீட்டினாள். "எங்க ஊரு அதுக்குள்ளதாங்க எங்கியோ கெடக்குது. மைன்ஸுக்கு எடுத்துகினாங்க. எங்க மாமியாரு தெனம் பாத்துகினே இருக்கும், இந்நேரம் கெணறு எந்த மூலைல இருக்கும்னு."

(கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். நான் ஒரு சுண்ணாம்பு வாளியைத் தூக்க ஆள் தேடினேன்.)

5

எல்லாம் சேர்ந்துவிட்டது. காட்சியை எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

போட்டிக்கு முந்தைய நாள் ஒத்திகை. மதிய நேரம். காலையிலிருந்து சுட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பட்டம்மாள் ஐந்து தகடுகளுக்கும் சுண்ணாம்பு பூசி முடிக்கிறாள். அந்த மேட்டில் மரம் கிடையாது. இருக்கிற ஒரே நிழல் மூன்றாவது தகட்டுக்குப் பின்னால் விழுகிற நிழல். அதில் வாளியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சோற்று நேரம் முடிகிற வரை அது அவள் நேரம். கீழேயிருந்து பார்க்கிறவனுக்குத் தகடு மட்டும்தான் தெரியும்.

வெயிலில் இரும்பு தானாகவே ஒருமுறை 'ணங்' என்கிறது. யாரும் சுடவில்லை. பக்கத்து வெடிப்பிலிருந்து புகை ஒரு நூலாக எழுகிறது.

சண்முகசுந்தரம் மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடுகிறான். கை முந்துகிறவன், சாப்பாட்டிலும் முந்திவிட்டான். துப்பாக்கியை எடுத்து நிற்கிறான். சுடுவதற்குச் செக்ரட்டரி விசில் ஊத வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் செக்ரட்டரி இன்னும் வரவில்லை.

அப்போது மதிய ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது.

நெய்வேலியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே சங்கு காதில் விழுவதில்லை, கைகால்களில் விழுகிறது. சங்கு ஊதினால் எழுந்துவிடுவோம், சட்டை போட்டுவிடுவோம், சைக்கிளை எடுத்துவிடுவோம். எதற்கு என்று அப்புறம்தான் யோசிப்போம். லீவு நாளில் சங்கு கேட்டு மைன்ஸ் கேட் வரை போய்த் திரும்பியவர்கள் என் பிளாக்கிலேயே உண்டு. சங்கு என்றால் வேலையை ஆரம்பி என்று அர்த்தம். கீழே நிற்கிறவனுக்கும் அதே அர்த்தம், மேலே படுத்திருக்கிறவளுக்கும் அதே அர்த்தம்.

சண்முகசுந்தரத்தின் கை லீவரைத் தள்ளி இழுக்கிறது. மூன்றாவது தகட்டுக்குப் பின்னால் பட்டம்மாள் எழுந்து நிற்கிறாள். தகட்டுக்கு மேலே அவள் தலை—

[இங்கே நிறுத்தினேன். அவன் கையில் எந்தத் துப்பாக்கி என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.]

6

எழுதியவரை மஹ்மூதாவிடம் படித்துக் காட்டினேன். என் கதைகளுக்கு முதல் வாசகி அவள்தான். தையல் மெஷினை மிதித்தபடியே கேட்பாள். மெஷின் நின்றால் கதையில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். தகட்டுக்கு மேலே தலை வந்த இடத்தில் மெஷின் நின்றது.

"ஏங்க, உங்க கதையில ஒரு பொம்பளையாச்சும் உசுரோட வீடு போய்ச் சேருவாளா?"

"நான் என்ன பண்றது, கதை அப்படிப் போகுது."

"கதை என்ன தானாவா போகுது? மாடா அது? நீங்கதானே ஓட்டுறீங்க."

கோபத்தோடு எழுந்து சமையலறைக்குப் போனாள். போனவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்த, நான் அரையும்குறையுமாகப் படித்த தாள். அதில் 73-இன் வயிற்றைப் பிளந்து காட்டுகிற படம். படத்துக்குக் கீழே பொடி எழுத்து. அகராதியை வைத்துக்கொண்டு அவளுக்குப் படித்துச் சொன்னேன். 73-இல் விசைக்குப் பின்னால் ஒரு சின்னத் தடுப்பு இருக்கிறது. லீவரை முழுக்க மேலே இழுத்து இறுக்கினால்தான் அந்தத் தடுப்பு விலகும். அதற்கு முன்னால் விசையை அழுத்தினால் விசை அசையாது. 92-இல் இந்தத் தடுப்பு இல்லை.

"கை முந்துற ஆளு தானே அவன்?" என்றாள் மஹ்மூதா. "அப்போ எழுபத்திமூணைக் குடுங்க. லீவர் மூடுறதுக்குள்ள அழுத்துவான். அழுந்தாது. என்னடா இதுன்னு தலையைத் தூக்குவான். பாத்துடுவான். முடிஞ்சுது கதை."

யா அல்லா, எனக்குத் தோன்றவே இல்லையே! குதித்து எழுந்து எழுதினேன்.

விசை அசையவில்லை. சண்முகசுந்தரம் எரிச்சலோடு தலையைத் தூக்கினான். தகட்டுக்கு மேலே முக்காடு போட்ட ஒரு தலை. துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கத்தினான்:

"யாரும்மா அது? வெளிய வாங்க!"

"பட்டம்மாங்க" என்று குரல் வந்தது. வாளியை எடுத்துக்கொண்டு அவள் சரிவில் இறங்கிப் போனாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

முற்றும் என்று போட்டேன். மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

7

நாலாம் நாள் மஹ்மூதா துணியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஆமா, மறுநாள் போட்டியில அந்தத் தகட்டுக்குச் சுண்ணாம்பு யாரு அடிச்சா?"

"பட்டம்மாதான்."

"அவளைத்தான் விரட்டியிருப்பாங்களே. தூங்கினவளை வேலையில வெப்பாங்களா?"

உண்மை. விரட்டியிருப்பார்கள். ஆளைத்தான் விரட்டுவார்கள், பெயரை விரட்ட மாட்டார்கள். மறுநாள் காலை கொளஞ்சிநாதன் மேட்டின் அடியில் நின்று குனிந்தபடியே கூப்பிடுகிறார்: "ஏ பட்டம்மா!" மேலேயிருந்து, மூன்றாவது தகட்டுக்குப் பின்னாலிருந்து, சத்தம் வருகிறது: "இருக்கேங்க."

இதை நான் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாமலே நடந்துவிட்டது.

சரி, திரும்பவும் 73 இருக்கிறதே என்று நினைத்தேன். இங்கேதான் என் மூஞ்சியில் கரி. அந்தத் தடுப்பு காப்பாற்றியது சண்முகசுந்தரத்தின் அவசரத்திலிருந்து. விசை ஒருமுறை அசையாமல் போனதும் அவன் கை கற்றுக்கொண்டுவிட்டது. லீவரை இறுக்கிவிட்டு அழுத்துகிறான், இப்போது இன்னும் வேகமாக. தடுப்பு ஒவ்வொரு முறையும் பணிவாக விலகிக்கொள்கிறது. கைப்பழக்கம் வந்துவிட்டால் 73-க்கும் 92-க்கும் அந்த நொடியில் வித்தியாசம் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை எல்லாம் சொல்கிறேன், வெட்கம் எதற்கு.

மூன்றாவது தகட்டைச் சின்னதாக்கினேன். அவள் ஒடுங்கிப் படுத்தாள்.

மேட்டில் வேப்பங்கன்று நட்டேன். பட்டுப்போயிற்று. அந்த மண்ணில் அது பிடிக்காது என்று எனக்கே தெரியும்.

செக்ரட்டரியை நேரத்துக்கு வரவைத்தேன். வந்தார், தொப்பியைச் சரிசெய்தார், விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. அவரும் இந்த ஊர்க்காரர்தானே, தலையை ஆட்டிச் சுடச் சொன்னார்.

சங்கை நிறுத்தினேன். ஒரே ஒரு மதியம் சங்கு ஊதவில்லை என்று எழுதினேன். டவுன்ஷிப்பில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. பெண்கள் கையில் கரண்டியோடு வாசலில் நின்றார்கள். சுரங்கத்தில் என்ன ஆயிற்றோ என்று எல்லோரும் மைன்ஸ் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை என்னால் தொடர்ந்து எழுத முடியவில்லை, பயந்து சங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பட்டம்மாளுக்குக் காய்ச்சல் கொடுத்தேன். நாத்தனார் வந்தாள். நாத்தனாரை ஊருக்கு அனுப்பினேன். வேறொருத்தி வந்தாள். அவளுக்குக் காடாம்புலியூரில் முந்திரி உடைக்கிற வேலை வாங்கிக் கொடுத்தேன். இன்னொருத்தி வந்தாள். ஒவ்வொருத்தியும் வாளியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அதே நிழலில் படுத்தாள். ஒவ்வொருத்தியைப் பற்றியும் எனக்குத் தெரிந்தது குறைந்துகொண்டே வந்தது. நான் அறிந்த முதல் ஆளின் காலில் வடு இருந்தது. அடுத்தவளுக்கு மூக்குத்தி. அதற்கடுத்தவள் மெலிந்தவள். அதற்கடுத்தவள்

அவள் முகம்

[என் கையெழுத்துப் பிரதியில் அப்படித்தான் இருந்தது. இரண்டு சொல், பிறகு வெள்ளைத் தாள். நான் விட்டுவைத்த இடமா என்று கேட்காதீர்கள். எழுதினேன் என்றுதான் நினைவு.]

எழுதியதைக் கிழித்துப்போட்டுத் தொலைக்கலாமே என்று மஹ்மூதா சொன்னாள். கிழித்தேன். ஆனால் கிழித்த பிறகும் அந்த மேட்டில் மதியம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு மதியமும் ஒருத்தி எழுந்து நிற்கப்போகிறாள். பாதிக் காட்சியில் ஒருத்தியை அப்படி விட்டுவிட்டு நான் எப்படிச் சோறு தின்பது? எனக்குத் தாங்கவில்லை.

8

பதிப்பாளருக்கு ஒரு நாள் தபால் ஆபீசிலிருந்து டிரங்க் கால் போட்டேன். கதை முடியவில்லை, இந்த மாதம் என்னை விட்டுவிடுங்கள் என்றேன்.

"விட்டுடலாமே, அதனால என்ன சார்?" என்றார். மனுஷன் கோபப்படவே இல்லை. "வேற ஆளை எழுதச் சொல்றேன். அட்டையில பேரு வந்தாப் போதும்."

இதுவரை உங்களிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு, வேண்டுமென்று மறைக்கவில்லை, எனக்கே உறைக்கவில்லை. என் நாவல்களின் அட்டையில் வருகிற பெயர் என்னுடையது இல்லை. நான் வைத்த புனைபெயரும் இல்லை. நான் எழுத வந்தபோதே அந்தப் பெயர் அங்கே இருந்தது. வாசகர்களுக்குப் பழகிய பெயர், அதிலேயே எழுதுங்கள் என்றார்கள், எழுதினேன். எனக்கு முன்னால் அந்தப் பெயரில் எழுதியவர் எங்கே போனார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் முதல் ஆளா என்பதும் தெரியாது.

ரிசீவரை வைத்தேன். கண் கலங்கிவிட்டது. எனக்காகவா, அவளுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மஹ்மூதாவிடம் சொன்னேன்: "அந்த இடம் காலியா இருக்காது. யாராவது ஒரு ஆள் அங்கே நின்னுதான் ஆகணும். அப்போ நான் போறேன்."

"நீங்க எங்க போறீங்க?"

"தகட்டுக்குப் பின்னாடி."

அவள் சிரிக்கவில்லை. "எழுதுற ஆளு உள்ள போயிட்டா வெளிய யாரு இருப்பா? அந்த சண்முகசுந்தரத்தை யாரு புடிச்சு நிறுத்துவா?"

"அவனை எழுத ஆள் இருக்காது. ஆகையால் அவனும் இருக்க மாட்டான்."

"துப்பாக்கி இருக்குமே."

அவள் மெஷினின் முன்னால் உட்கார்ந்தாள், மிதிக்கவில்லை. "போகாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

9

மேட்டில் ஏறிவிட்டேன். நான் நினைத்ததைவிடச் சரிவு செங்குத்து. மண் கால் வைத்த இடத்தில் உள்வாங்குகிறது, அடியில் கதகதப்பாக இருக்கிறது. கடைசியாக வந்த பட்டம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாளியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், வெயில் கண்ணை மறைத்துவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்து போவது மட்டும் தெரிந்தது. யார் பெற்ற பிள்ளையோ, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.

ஐந்து தகடுகளுக்கும் சுண்ணாம்பு பூசிவிட்டு, மூன்றாவது தகட்டின் நிழலில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கிருந்து இரும்பின் பின்பக்கம்தான் தெரிகிறது. தோட்டா பட்ட இடமெல்லாம் இந்தப் பக்கம் புடைத்திருக்கிறது. தொட்டால் சுடுகிறது.

கீழே கொளஞ்சிநாதன் வந்திருக்க வேண்டும். "ஏ பட்டம்மா!" என்கிறார்.

"இருக்கேங்க" என்றேன். என் குரல்தான். அவர் நிமிர்ந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை.

ஐயா, அம்மா, இதைப் படித்துக்கொண்டிருக்கிறவரே, மேஜையருகே இப்போது சண்முகசுந்தரம் இல்லை. நீங்கள்தான் நிற்கிறீர்கள். முதல் பக்கத்திலிருந்தே நீங்கள் நின்ற இடம் அதுதான், தகட்டின் முன்பக்கம்தான் உங்களுக்குத் தெரிந்தது. மேஜையில் இரண்டும் இருக்கின்றன. கனமானது 73. உங்கள் கைக்கு இன்னும் பழக்கம் இல்லையென்றால் அது ஒரு தடவை உங்களை நிறுத்தும், ஒரே ஒரு தடவை. லேசானது 92. அது யாரையும் நிறுத்தாது. கட்டுரை எழுதியவர் எதை எடுத்திருப்பார் என்று கேட்காதீர்கள், அந்தத் தாள் எனக்கு வரவில்லை.

எடுக்காமல் புத்தகத்தை மூடிவிட்டுப் போகலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தாராளமாகப் போகலாம். நீங்கள் போனால் உங்கள் பெயரில் வேறொருவர் வந்து நிற்பார்.

சங்கு ஊத ஆரம்பிக்கிறது. என் கால்கள் தாமாகவே எழுந்துகொள்கின்றன.